நாலாவது அட்டை

"செருப்பை வெளிய கழட்டுங்க. அப்படியே திரும்பிப் போனாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்."

ரத்தினசாமி எங்களை வரவேற்ற லட்சணம் இது. விருதுநகரிலிருந்து ஏழாயிரம்பண்ணை வரைக்கும் மண்டை காயும் வெயிலில் பைக் ஓட்டி வந்தவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தால் இவர்கள் கிணறு வற்றிவிடுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் நறுக்கென்று ஏதாவது கேட்டிருப்பேன். பின்னால் நின்ற சுலைகா அக்கா பைக் சாவியால் என் முதுகில் ஒரு குத்துக் குத்தினார். வாயை மூடு என்று அர்த்தம்.

சுலைகா அக்காவை விருதுநகர் பஜாரில் எல்லோருக்கும் தெரியும். மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். கேஸ் சொல்ல வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் சொல்வார்கள். நான் மாரிசாமி. அவருக்கு உதவியாளன், டிரைவர், திட்டு வாங்குவதற்கென்றே வைத்திருக்கும் ஆள்.

கேஸ் இதுதான். இந்த வீட்டின் இளைய மகன் விக்னேஷ்குமார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் விபத்தில் போய்விட்டான். அவன் மனைவி கற்பகவல்லி இங்கே இருக்க முடியாமல் விருதுநகருக்குப் போய்த் தனியாகத் தொழில் தொடங்கினாள். ஆறு வயது மகனை மட்டும் இந்த வீட்டார் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போ, அவ்வளவுதான் என்றார்கள். அவள் பிள்ளையைக் கேட்டு ஸ்ரீவில்லிப்புத்தூர் கோர்ட்டுக்குப் போனாள். நாளைக்கு அங்கே விசாரணை. அதற்குள் அவள் தலையில் ஒரு கல் விழுந்துவிட்டது.

அந்தக் கல்லின் பெயர் கதைப்பெட்டி.

கையடக்கமான பெட்டி. திரை கிடையாது. அட்டையைச் சொருகினால் கதை சொல்லும், பாட்டுப் பாடும். போனைப் பிடுங்கினால் வீட்டையே இரண்டாக்கும் பிள்ளைகளுக்காக வந்த சாமான். வெற்று அட்டையும் கிடைக்கும். நாம் பேசியதைப் போனிலிருந்து அதில் ஏற்றிவிடலாம். கற்பகவல்லியின் தொழிலே அந்த வெற்று அட்டைதான். பெற்றோர் ஆர்டர் கொடுத்தால், அவர்கள் பிள்ளையின் பேரையே வைத்துக் கதை எழுதி, தானே பேசி, அட்டையில் ஏற்றிக் கொடுப்பாள். காலையில் அவள் வீட்டுக்குப் போனபோது சேலை அடுக்கிய பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "யாழினி என்ன செஞ்சா தெரியுமா?" என்று கதையில் வரும் சிங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதிவில் எதிரொலி வராமல் இருக்க அதுதான் வழியாம். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எம்புள்ளைக்கு நான் செஞ்சு கொடுத்தது மூணு அட்டை" என்றாள். "போன வாரம் நாலாவதா ஒண்ணு அவன் பெட்டிக்குள்ள இருந்துருக்கு. வீட்ட விட்டு வெளிய வா, அம்மா கூட்டிட்டுப் போறேன்னு அதுல பேசுது. அவனும் போயிட்டான். புள்ளையத் திருடப் பாத்தேன், இனி பாக்கவே விடக்கூடாதுன்னு கோர்ட்ல மனுப் போட்டுட்டாங்க."

"குரலு?" என்றார் அக்கா.

"என் குரல்தான். பேசுனது நான் இல்ல." எங்களை முறைத்தாள். "நம்பலேன்னா எந்திரிச்சுப் போங்க. எனக்கு ஆர்டர் கிடக்கு."

இப்படியொரு மரியாதையான கட்சிக்காரியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அக்காவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அட்டையை அந்த வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம், வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று வக்கீல்கள் தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். அதனால்தான் இந்த விஜயம்.

கூடத்தில் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெயர் பெத்தணன். தோட்டத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் பயர் ஆபீஸ் அவருடையது. வெடி கம்பெனியை இந்தப் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சீசன் நேரம். வேனில் ஆள் இறக்கி வேலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் காலடியில் பேரன் கதைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைத்திருந்தார்கள். அவனும் பெத்தணன்.

"கேளுங்க, நல்லா கேளுங்க" என்றார் பெரியவர். "அவ எம்புட்டு மரியாதை தெரிஞ்சவன்னு உங்களுக்கும் விளங்கட்டும்."

அக்கா பையனிடமிருந்து பெட்டியை வாங்கி முதல் அட்டையைச் சொருகினார்.

"ஏலே பெத்தணா! மூக்கைச் சிந்திட்டு இங்கன வாலே. ஒரு காட்டுல ஒரு நரி இருந்துச்சு. அது பேரும் பெத்தணன்தான்..."

எனக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. இருமுவதுபோல் நடித்தேன்.

"பாத்தீகளா?" பெரியவர் நாற்காலிக் கையில் அறைந்தார். "இந்த வீட்டுக்கு மருமகளா வந்தவ, மாமனார் பேரை வாய்க்கு வாய் சொல்றா. நரிங்கா, மூக்கைச் சிந்துங்கா. கேட்டா, அது எம்புள்ள பேருன்னு எதுத்துப் பேசுறா. அவளை எப்படி வீட்ல வச்சுக் கும்புடுறது?"

இரண்டாவது அட்டையில் பெத்தணன் நிலாவுக்குப் போனான். மூன்றாவதில் பெத்தணன் பல் தேய்க்க மறுத்தான். வரிக்கு வரி பெத்தணன்தான். பெரியவர் முகம் போன போக்கைப் பார்த்து, தண்ணீர் கொடுக்காததை நான் மன்னித்துவிட்டேன்.

நாலாவது அட்டை சொருகப்பட்டது.

"கண்ணு, அம்மா பேசுறேன். இது கதை இல்ல, நமக்குள்ள ரகசியம். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் தூங்குனதும், உன் பெட்டியை எடுத்துக்கிட்டு தோட்டத்துக் கேட்டுக்கு வந்துரு கண்ணு. அம்மா அங்கன நிப்பேன். உன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

அதே குரல். என் சிரிப்பெல்லாம் போயிற்று. பையன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா வரல" என்றான் யாரிடமோ.

"கேட்டீகல்ல? கிளம்புங்க" என்றார் ரத்தினசாமி. பெரியவரின் மூத்த மகன் அவர். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. "தோட்டத்துக் கேட்டுல நான்தான் புடிச்சேன். கொஞ்சம் தவறியிருந்தா புள்ளையத் தூக்கிட்டுப் போயிருப்பா."

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். "ஏலே, இதைப் பிடி. சத்தம் வர்ற ஓட்டையத் தடவிப் பாரு. எனக்குத் தண்ணி தவிக்குது." நேரே அடுப்படிக்கு நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. தடுக்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பெட்டியோடு நானும் வால் பிடித்துப் போனேன். அடுப்படியில் ரத்தினசாமியின் மனைவி நாகஜோதி நின்றிருந்தாள். செம்பை டங்கென்று மேடையில் வைத்தாள். தண்ணீர் பாதி தெறித்து என் சட்டையில் விழுந்தது.

"புள்ளைய நீங்கதான் வளக்குறீகளோ?" என்றார் அக்கா.

"வேற யாரு? குளிப்பாட்டுறது, ஊட்டுறது, காச்சல் வந்தா கண்ணு முழிக்கிறது எல்லாம் நான்தான். பெத்தவ வாரத்துக்கு ஒருக்கா வந்து கதை சொல்லிட்டுப் போயிருவா."

"உங்களுக்குன்னு...?"

"இல்ல." அந்த ஒரு சொல்லில் கதவைச் சாத்தினாள்.

"கல்யாணத்துக்கு முந்தி வேலைக்குப் போனீகளா?"

"சிவகாசியில காலண்டர் பிரஸ்ல டிடிபி பாத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. தண்ணி இனிப்பா இருக்கு."

அக்கா செம்பைக் கீழே வைத்தார். நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். பெட்டியின் ஓட்டைகளைத் தடவிய விரல் வெள்ளிக் காசு மாதிரி பளபளத்தது. எங்கள் சித்தப்பா பயர் ஆபீஸில் வேலை பார்த்தவர். சாகும்வரைக்கும் அவர் நகக்கண்ணில் இந்த நிறம் போகவில்லை. விரலை அக்காவிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். முகம் கல்லாகிவிட்டது.

"மாரி, இந்த விரலை எங்கயும் துடைச்சிராத. இப்ப கூடத்துக்கு வா. அடி விழுந்தாலும் விழும்."

"யாருக்குக்கா?"

"எனக்கு விழாது. நான் பொம்பள."

கூடத்துக்கு வந்ததும் அக்கா நடு இடத்தில் நின்றுகொண்டார். நாகஜோதியும் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அய்யா, இந்த அட்டையைச் செஞ்சது கற்பகவல்லி இல்ல. செஞ்ச ஆளு இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு."

ரத்தினசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். பதிலுக்கு நானும் மடித்துக் கட்டலாம் என்று பார்த்தேன். போட்டிருந்தது பேன்ட்.

"ஏம்மா, எங்க வீட்டு நடுக்கூடத்துல நின்னு எங்களையே கள்ளங்கிறியா?" பெரியவர் எழுந்துவிட்டார். "அது அவ குரலுதான்னு அவளே ஒத்துக்கிட்டா!"

"குரலு அவளுதுதான். ஒருத்தர் பேசுனதக் கொடுத்தா, நாம டைப் அடிக்கிறத அதே குரல்ல பேசுற ஆப்பு போன்ல எம்புட்டோ வந்துருச்சு. அவ குரலு மூணு அட்டையில இந்த வீட்லயே கிடக்கு. ஆனா பேசுன வார்த்தை அவளுது இல்ல." அக்கா மேஜையில் இருந்த அட்டைகளைத் தட்டினார். "முதல் மூணுலயும் பெத்தணா, பெத்தணான்னு உயிரை விடுறா. அவ தொழிலே அதான். புள்ள பேரு இல்லாத கதை அவகிட்ட இருந்து வெளிய போகாது. நாலாவதுல? ஒரு தடவைகூட அந்தப் பேரு வரல. வெறும் கண்ணு, கண்ணுதான். நெசமாவே புள்ளையக் கூட்டிட்டுப் போக நினைக்கிற தாயி, ஏலே பெத்தணா, வாலேன்னு கூப்பிடாம இருப்பாளா?"

"அதனால?"

"எழுதுன ஆளுக்கு அந்தப் பேரைச் சொல்ல முடியல. அய்யாவுக்கு அது சொந்தப் பேரு. உங்க மகன் பேங்குல, ஆபீஸ்ல எல்லாம் அப்பா பேரைச் சொல்றவரு. அவங்க எழுதியிருந்தா, கேக்குறவன் நம்பட்டும்னு பத்து தடவை பெத்தணான்னு போட்டிருப்பாங்க." அக்கா நிலைப்படிப் பக்கம் திரும்பினார். "தாயி, இந்தப் புள்ள பேரு என்ன?"

நாகஜோதி உதட்டைக் கடித்தாள். "தம்பி."

"அது நீங்க கூப்பிடுறது. ஸ்கூல்ல போட்ட பேரு?"

"மாமா பேருதான்."

"அதைச் சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. மாமனாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"குறை சொல்லல" என்றார் அக்கா. "எங்க வீட்லயும் இதே கதைதான். எம் மகளுக்கு என் மாமியா பேரு. இன்னிக்கு வரைக்கும் அவ எனக்குப் பாப்பாதான். வாயால சொல்ல வேண்டியதுகூட இல்ல, டைப் அடிச்சா போதும்னாலும் வெரலு போகாது. எனக்கும் போகாது."

ரத்தினசாமி கடகடவென்று சிரித்தார். "இவளா? இவளுக்குப் போன்ல சமையல் வீடியோ பாக்கத் தெரியும். அம்புட்டுதான்."

"காலண்டர் பிரஸ்ல டிடிபி பாத்தவங்க. உங்களைவிட நல்லா டைப் அடிப்பாங்க."

சிரிப்பு நின்றது. ஆனால் நாகஜோதி லேசுப்பட்டவள் இல்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அக்காவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மாமா பேரைச் சொல்லலைங்கிறது ஒரு குத்தமா? இதைக் கொண்டுபோய் நாளைக்கு ஜட்ஜ் அய்யாகிட்ட சொல்லுங்க. நிக்குமா?"

"நிக்காது" என்றார் அக்கா.

எனக்குப் பகீரென்றது. இவ்வளவு வெயிலில் வந்து, இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் நிக்காதாம்! இந்த அக்காவோடு ஒரு நாள் முழுசாக இருந்தால் எனக்கு மாரடைப்பு வந்துவிடும்.

"மாரி, அந்த விரலைக் காட்டு."

காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துப் பெரியவரின் வெள்ளைச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தார். சுவரில் வெள்ளிக் கோடு விழுந்தது. ரத்தினசாமியின் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"தோட்டத்துக் கேட்டுல புடிச்சேன்னு மனுவுல எழுதியிருக்கீக. தோட்டத்துல பூச்சட்டிப் புஸ்வாணத்துக்குப் போடுற வெள்ளி மருந்து ஏது? பெட்டியை வெளியில நல்லாத் துடைச்சிருக்கீக. ஓட்டைக்குள்ள துடைக்க மறந்துட்டீக."

பேசியது பையன்தான்.

"அம்மா கேட்டுல இல்ல. அங்கிட்டு இருப்பாங்கன்னு போனேன். பூச்சட்டியா காயப் போட்டிருந்துச்சு, நெறைய. பெரியப்பா என்னையத் தூக்கிட்டு ஓடுனாரு. பெட்டி பேசிக்கிட்டே இருந்துச்சு."

மருந்து காயும் களத்துக்குள் செல்போன் கொண்டுபோனாலே ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். பேட்டரி போட்ட பெட்டி ஓடிக்கொண்டிருக்க, ஆறு வயதுப் பிள்ளை காயப் போட்ட பூச்சட்டிகளுக்கு நடுவில் நின்றிருக்கிறான்.

"களத்துக்கா?" நாகஜோதியின் குரல் கிறீச்சிட்டது. "களத்துக்கா போனான்? நான் கேட்டுலதானே நிக்கச் சொன்னேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அடுத்த நொடியே கையை எடுத்துவிட்டாள். இனிமேல் பொத்தி என்ன ஆகப்போகிறது?

"கேட்டுல நின்னா நானே ஆளோட போய்ப் புடிக்கலாம்னு இருந்தேன். அன்னைக்குப் பாத்து வீட்டுக்கு விருந்தாளுக வந்துட்டாங்க, நேரமாயிருச்சு. நான் போறதுக்குள்ள நீங்க தூக்கிட்டு வந்துட்டீக." புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டயும் கேட்டுன்னுதானே சொன்னீக? என் பக்கத்துல படுத்துக்கிட்டு, தினமும் அதையே சொன்னீகளே!"

"லைசென்ஸ் போயிரும்டி! புள்ள களத்துல நின்னது வெளிய தெரிஞ்சா ஆபீஸை இழுத்துப் பூட்டிருவான்!"

"எம்புள்ள எரிஞ்சு போயிருப்பானே!" அலறினாள். பிறகு அக்காவைப் பார்த்து, "நான்தான் செஞ்சேன். அவ கோர்ட்ல ஜெயிச்சுருவா, இவன் போயிருவான்னு பயந்துட்டேன். போயிட்டா இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு? பெட்டியை எடுத்துட்டு வரச் சொன்னதும் நான்தான். கையும் களவுமாப் பிடிபடட்டும்னு சொன்னேன். பாவி, நானே பெட்டியைக் கொடுத்து அனுப்பிட்டேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"வாயை மூடு!" பெரியவரின் கர்ஜனையில் பையன் அழத் தொடங்கினான். "நாளைக்குக் கோர்ட்ல ஒரு வார்த்தை மாத்திச் சொன்னேன்னா, இந்த வீட்டுப் படி உனக்கு இல்ல."

"அய்யா, அவங்க மாத்திச் சொல்லலேன்னா நான் இந்தப் பெட்டியைப் பத்திச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார் அக்கா. "ஓட்டையக் கழுவிட்டாலும் சொவத்தைக் கழுவ முடியாது. எது வசதின்னு பாத்துக்கிருங்க."

ரத்தினசாமி என்னை நோக்கி வந்தார். என் சட்டைக் காலரைப் பிடித்தும்விட்டார். ஆனால் நாகஜோதி எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஆறு வயதுப் பிள்ளை, கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பெட்டியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டினாள், செருப்புக்கூடப் போடவில்லை. காலர் தானாக விடுபட்டது.

அக்காவும் நாகஜோதியும் பையனும் பஸ்ஸில் வந்தார்கள். நான் பைக்கில் பின்னாலேயே வந்தேன்.

விருதுநகரில் கதவைத் திறந்த கற்பகவல்லியிடம் நாகஜோதியே எல்லாவற்றையும் சொன்னாள். படியில் நின்றபடி, பையனை இறக்காமல், ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். களம் என்ற இடம் வந்ததும் கற்பகவல்லியின் கை ஓங்கியது. நான் தடுக்கப் போவதற்குள் நாகஜோதியின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"போடு, இன்னும் போடு" என்றாள் நாகஜோதி.

இரண்டாவது அடி விழவில்லை. பையன் இடுப்பிலிருந்தே எட்டி அம்மாவின் கையில் கடித்துவிட்டான். "எங்க பெரியம்மாவ அடிக்காத! நீ போ! நீ வரவே இல்ல!" என்று கத்திக்கொண்டு நாகஜோதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் பிரித்து எடுக்கப் பார்த்தாள். அவன் இன்னும் இறுக்கினான்.

கற்பகவல்லி கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாள் கோர்ட், வக்கீல், அலைச்சல் என்று எந்தப் பிள்ளைக்காக மாரடித்தாளோ, அந்தப் பிள்ளை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அக்காவும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டானா?" என்றாள் கடைசியில். குரலில் அன்பு துளியும் இல்லை.

"மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள் நாகஜோதி. "ரசஞ்சோறு குழையப் பெசஞ்சு கொடுத்தா திம்பான். அப்பளத்தை நொறுக்கிப் போடணும்."

"தெரியும்."

தெரியாது. பெற்றவளுக்கு அது தெரியாது என்பது அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"உள்ள வந்து நீயே பெசஞ்சு கொடு" என்றாள் கற்பகவல்லி. "நான் எப்படின்னு பாத்துக்கிறேன்."